சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும்

"இது கூப்பன்ல வராதுக்கா" என்று பில் போடும் பெண் சோப்புக் கட்டியைத் தனியாக எடுத்து வைத்தாள். வராது என்று குருவியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் மாதாமாதம் பருப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவில் ஒரு சோப்பைச் செருகிப் பார்ப்பாள். என்றாவது அந்தப் பெண் அசந்துபோக மாட்டாளா என்று ஒரு நப்பாசை. அந்தப் பெண்ணோ அசருகிற ஜாதியே இல்லை.

குருவியம்மாவின் கணவன் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி கம்பெனியில் சம்பளத்தில் ஒரு பங்கைக் கூப்பனாகத்தான் கொடுப்பார்கள். இந்த ஒரு கடையில்தான் செல்லும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 'சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும்' என்று சிவப்பு முத்திரை குத்தியிருக்கும். தொழிலாளிக்கு வயிறு மட்டும்தான் உண்டு, காலும் கண்ணும் அழுக்குத் துணியும் கிடையாது என்று அந்த முத்திரையைச் செய்தவர் முடிவு கட்டியிருக்க வேண்டும். ரொக்கமாக வருவது வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். செருப்பு அறுந்தால் அறுந்ததுதான். வீட்டில் அரிசி இருக்கும், தலைக்குத் தேய்க்க ஷாம்பு இருக்காது.

இதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து நாலு மாதமாகிறது. அவர்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். டியூட்டி முடிந்து வந்தால் கடைக்குப் போக அவள் காலில் உயிர் இருக்காது. அவளுக்கு வேண்டியதைக் குருவியம்மா தன் கூப்பனில் வாங்கிக்கொண்டு வருவாள். நர்ஸ் பில்லைப் பார்த்து ரொக்கமாகக் கொடுத்துவிடுவாள். அந்த அளவுக்கு வீட்டுச் சமையலில் கை வைக்க வேண்டியதுதான். பருப்பில் தண்ணீர் கூடியது. எண்ணெய் கரண்டியிலிருந்து ஸ்பூனுக்கு இறங்கியது. முட்டை மகளுக்கு மட்டும் என்று ஆயிற்று. "எனக்கு வாயு" என்று சொல்லிப் பல நாள் ராத்திரி அவள் சாப்பிடாமலே படுத்தாள். இல்லாத வாயுவுக்குக் கணவன் அக்கறையாக வெந்நீர் வைத்துக் கொடுத்தான்.

அவனிடம் இதைச் சொல்லவில்லை. ரோஷக்காரன். பக்கத்து வீட்டில் பழைய மின்விசிறியைச் சும்மா கொடுத்தபோதே மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன். அதோடு, கூப்பனைக் காசாக்கினால் கூப்பனையே நிறுத்திவிடுவோம் என்று கம்பெனி வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

இந்த முறை காசு கண்ணாடிக்கு. எட்டு வயது மகள் குருவிக்குப் பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை. முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். கணவனிடம் சொன்னபோது "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றான். மூன்று மாதமாக அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. கண்ணாடிக் கடையில் பிரேமுக்குப் பாதி விலைச் சலுகை போட்டிருந்தார்கள். பார்த்து வைத்த பிரேமுக்கு முன்பணம் கட்டியாயிற்று. மீதியை இன்று கட்டாவிட்டால் சலுகை போயிற்று. நல்லவேளையாக நர்ஸ் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம், பட்டியல் நீளமாக இருந்தது. பாதாம் பெட்டி, வெண்ணெய், தேன், ரொட்டிப் பாக்கெட், பிஸ்கட் டின். குருவியம்மா தன் கையால் என்றைக்கும் எடுக்காத சாமான்கள். மாதக் கடைசி வரைக்கும் இருந்த கூப்பன் மொத்தத்தையும் அதற்கே கொடுத்தாள். மீதி நாளுக்கு இருக்கிற அரிசியை வைத்து எப்படியாவது ஓட்டிவிடலாம்.

வீட்டுக்கு வந்து பைகளை அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். நர்ஸ் வர ஆறு மணியாகும். அதுவரை இருப்புக் கொள்ளவில்லை. காலையில் துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். ஐந்து மணிக்கு, "யாரு வந்தாலும் டிரம்மு பக்கம் விடாதே" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்கு ஓடினாள்.

"ஏழு மணிக்குள்ள வந்துடறேன் அண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க."

"ஏழுக்கு ஷட்டர் எறக்கிடுவேம்மா" என்றார் கடைக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் இறக்குகிறவர் முகம்தான் அது.

திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. யார் வீட்டிலோ என்று நினைத்தபடி நாலு படி ஏறினாள். தன் வீட்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் மீதிப் படிகளை ஓடி ஏறினாள்.

கம்பெனியில் பசை மிஷின் ரிப்பேராகிக் கணவனைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். டீத்தூள் தேடியவன் டிரம்முக்குப் பின்னாலும் தேடியிருக்கிறான். அப்பாவும் யாரோ ஒருவர்தான் என்று குருவிக்குத் தோன்றவில்லை போலும். தோசைக்கல்லில் ரொட்டி வெண்ணெயில் முறுகிக்கொண்டிருந்தது. பாதாம் பெட்டியின் வாய் கிழிந்திருந்தது. தேன் பாட்டிலுக்குள் ஸ்பூன் நின்றது. கணவனின் முகத்தில், கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு சிரிப்பு.

"வா வா. கடையையே தூக்கிட்டு வந்துட்ட போலிருக்கே. சொல்லவே இல்ல பாரு, கள்ளி" என்று அவள் வாயில் ஒரு பாதாமைத் திணித்தான். "தெனமும் அந்தத் தண்ணிப் பருப்ப நீ ஊத்தறப்ப எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? நான் சம்பாதிக்கிற லட்சணம் இதானான்னு இருக்கும். இன்னைக்குத்தான் ஒரு மனுசன் மாதிரி இருக்கு."

மென்றால் பிஸ்கட் டின்னும் தேனும் நிஜமாகவே தன்னுடையவையாகிவிடும் போல இருந்தது. மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். அவன் மேல் கோபம் வந்தது. கோபப்பட முடியாத அளவுக்குப் பாவமாகவும் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறாகப் பத்து நிமிடம்.

குருவி பிஸ்கட் டின்னை மூக்கில் ஒட்டி வைத்துக்கொண்டு அதன் மேல் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மோந்து பாத்துப் படிக்கிற?" என்று அவன் டின்னை வாங்கிக் கை நீட்டிப் பிடித்தான். "இப்பப் படி."

"தெரியலப்பா." குருவிக்கு விளையாட்டு. கெக்கெக்கே என்று சிரித்தாள்.

கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தான். "இப்ப?"

"ம்ஹூம்."

இன்னும் கிட்டே. "இப்ப?"

"ஏதோ செவப்பா இருக்கு."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. டின் மறுபடி அவள் மூக்கருகே வந்த பிறகுதான் அவள் படித்தாள். அவன் டின்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அது நம்ம சாமான் இல்லைங்க" என்றாள் குருவியம்மா. பாதாமைக் கையில் துப்பிக்கொண்டாள். "மேல நர்ஸக்காவோடது. நம்ம கூப்பன்ல வாங்கிக் குடுத்தா அவங்க காசு குடுப்பாங்க. நாலு மாசமா அப்படித்தான். இன்னைக்குக் காசு இவ கண்ணாடிக்கு. ஏழு மணிக்குள்ள கட்டணும்."

"கூப்பனை வித்தியா?"

"ஆமா."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தான். ரொட்டி கருகும் வாசனை வந்தது. அவள்தான் போய் அடுப்பை அணைத்தாள். ஒரு சத்தம் போடுவான், அதற்குப் பதில் சொல்லலாம் என்று முதுகைக் காட்டி நின்றாள். அட்டை சரசரக்கும் ஒலிதான் வந்தது.

படிக்கட்டில் நர்ஸின் கனத்த செருப்புச் சத்தம் கேட்டது. மேலே தன் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டாம் மாடியில் நின்று, கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏம்மா, சாமான் வந்துருச்சா?"

குருவியம்மா திரும்பினாள். கணவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பாதாம் பெட்டி அவன் மடியில் இருந்தது. கிழிந்த மடிப்பை உள்ளே செருகி, நகத்தால் விளிம்பை நீவிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பெட்டி மடிக்கிற விரல்கள். மடிப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் விரலை எடுத்தான். மூடி மெல்ல எழும்பியது. மறுபடி அழுத்தினான். குருவி பக்கத்தில் குனிந்து, முகத்தைப் பெட்டியோடு ஒட்டி வைத்து, அது மூடிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.