அண்ணன் பார்க்கிற அம்மா

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணனின் வீடியோ கால் வரும். அதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் பூசி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார வைத்துவிடுவாள் சின்னவள். மூன்று வருடமாக இதே கதை. தன் கவனிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்கிற ரோஷம்.

இந்த வாரம் அவள் சீப்பையே தொடவில்லை. காலையில் சிந்திய பால் அம்மாவின் நைட்டியில் காய்ந்து கிடந்தது. கிடக்கட்டும். அண்ணன் ஒரு தடவையாவது உள்ளபடி பார்க்கட்டும்.

பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைத் தூக்கித் தூக்கி அவளுக்குக் குடலிறக்கம். முன்பு ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஈரத்துணி மூட்டை சுமந்தபோதுகூட வராத வலி. புதன்கிழமை ஆபரேஷன். பத்து நாள் அம்மாவை அண்ணன் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. காரில் இரண்டு மணி நேரம். "ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பாத்துட்டு சொல்றேன்" என்றிருந்தான்.

போன் அடித்தது. அம்மாவின் இடது கை சட்டென்று போர்வையை இழுத்து மார்புக் கறையை மூடியது. அம்மா விரலை நாக்கில் நனைத்து முன்முடியைப் படிய வைத்தாள். யாரும் பிடிக்காமலே நிமிர்ந்தாள்.

"எப்படிம்மா இருக்க?"

"எனக்கென்னடா, ராணியாட்டம் இருக்கேன். நீ ஏன் இளைச்சுட்ட?"

"நம்பாதண்ணா!" சின்னவள் குறுக்கே புகுந்தாள். "ஒரு வாய் தண்ணிகூட நான்தான் ஊத்தணும்."

அம்மா பக்கத்து மேஜையிலிருந்த டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துக் காட்டினாள். "நான் எடுக்கறதுக்குள்ள இவளுக்கு அவசரம்ப்பா."

அண்ணன் சிரித்தான். "நல்லாத்தானே இருக்காங்க! எதுக்கு அலைக்கழிக்கணும்? இங்க பசங்களுக்குப் பரீட்சை வேற. ஆபரேஷனை ரெண்டு மாசம் தள்ளிப் போடேன்."

"குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்தாம்ணா."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நீ எப்பவுமே டென்ஷன் பார்ட்டி. மூச்சுப் பயிற்சி பண்ணு, ஒரு வீடியோ அனுப்பறேன்."

சொன்னபடி அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் மன அழுத்தம் போக்குவது எப்படி.

திரை அணைந்ததும் அம்மா சரிந்து விழுந்தாள். "தூக்கி உக்கார வைடி."

சின்னவள் அசையவில்லை. "ஏம்மா இப்படிப் பண்ணின?"

"அவன் பயந்துருவான்டி. சின்ன வயசுலயே பயந்த சுபாவம்."

"எனக்குப் பயம் இருக்காதா?"

"நீ பழகிட்ட."

சின்னவள் வாடகைக் கார்க்காரருக்குப் போன் போட்டாள். "புதன்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வந்துடுங்க. முதல்ல எங்க அண்ணன் வீடு. அம்மாவை இறக்கிட்டு அப்படியே ஆஸ்பத்திரி."

"சொல்லாம கொள்ளாம போய் நின்னா அவன் என்னடி நினைப்பான்?" அம்மா தலையைத் தூக்கப் பார்த்தாள்.

"நீதான் ராணியாட்டம் இருக்கியே. நீயே எடுத்துச் சொல்லு."

மதியம் சின்னவள் தட்டோடு வந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற நாளாக இருந்தால் அரை மணி நேரம் கெஞ்சல் நடக்கும். இன்று ஒரு தடவை கேட்டாள். தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய், அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் தின்று முடித்தாள். நல்ல சூடாக இருந்தது.