சவுரிராயனுக்குத் துக்கம் கேட்கப் போனது

சவுரிராயனைக் கொன்றது நான்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு வர வேண்டிய நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்திருப்பார். வருத்தமெல்லாம் கொன்ற பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

திண்டிவனத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் மூன்று பேர். முதலாளி அடைக்கலராஜ் சார், சென்னையில் பெரிய கம்பெனியில் ஏழு வருடம் குப்பை கொட்டிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். சேரன், கம்ப்யூட்டரோடு மட்டும் பேசுகிறவன். அப்புறம் நான், சகாய பிரியா. கூட்டங்களில் திரை கட்டி, படமும் எழுத்துமாகப் பக்கம் பக்கமாகக் காட்டுவார்களே, அதைத் தமிழ் எழுத்து உடையாமல் செய்துகொள்ள 'விரிதிரை' என்று ஒரு சாஃப்ட்வேர் தயாரித்து விற்றோம். வாங்கியவர்கள் போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்வது என் வேலை. விழுப்புரம் மாவட்டத்தில் யார் வீட்டில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகிறது என்பது மின்வாரியத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். 2014-இல் அது ஒன்றும் சின்ன விஷயமில்லை.

ஏனென்றால், கரண்ட் போனால் எங்கள் சாஃப்ட்வேரில் செய்து வைத்ததெல்லாம் கூடவே போய்விடும். விக்கிரவாண்டிப் பக்கம் மகளிர் குழுக்களுக்குப் பாடம் நடத்தும் முனியம்மாள் அக்கா ஒருமுறை போனில் அழுதேவிட்டார். நாற்பது பக்கம் செய்திருந்தாராம். நான் சாரிடம் போய், "கரண்ட் போனாலும் செஞ்சது தானா சேவ் ஆவணும் சார். அத மொதல்ல பண்ணுங்க" என்றேன். அவர் அப்போது பக்கங்கள் பம்பரம்போல் சுற்றிக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்பதில் மும்முரமாக இருந்தார். "பாக்கலாம்மா" என்றார். நாலு முறை சொன்னேன். நாலு முறையும் பார்க்கலாம்தான். ஐந்தாவது முறை, என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கிற பொறுப்பை என்னிடமே கொடுங்கள், பெரிய கம்பெனிகளில் அதற்கு புராடக்ட் ஹெட் என்று ஒரு பதவியே இருக்கிறதாமே என்று கேட்டேன். "நீ போன் நல்லா பேசறியேம்மா" என்று பாராட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் சார் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தார். "பிரியா, இனிமே நாம சாஃப்ட்வேர் விக்கக் கூடாது. கம்யூனிட்டிய உருவாக்கணும்" என்றார். எங்கள் பக்கத்தில் கம்யூனிட்டி என்றால் தாலுகா ஆபீசில் சர்டிபிகேட் வாங்குவார்கள். அதை யாரும் புதிதாக உருவாக்க வேண்டிய அவசியமில்லாமல் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் சார் சொன்னது வேறு. எங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கம் திறக்க வேண்டும், வாங்கியவர்கள் அங்கே கூடிப் பேச வேண்டும், ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். அதற்குப் 'பயனர் மன்றம்' என்று பெயர் வைத்து, பொறுப்பை என் தலையில் கட்டினார்.

முதல் மாதம் மன்றத்தில் மூன்றே மூன்று பதிவுகள் வந்தன. ஒன்று சாருடைய வரவேற்புரை. இரண்டாவது, சேரன் சோதித்துப் பார்க்கப் போட்ட 'டெஸ்ட்'. மூன்றாவதாக யாரோ உங்கள் கம்பெனியில் வேலை காலி இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். சார் காலையும் மாலையும் அதைத் திறந்து பார்த்துவிட்டு முகம் வாடிப்போவார். பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சவுரிராயனைப் பெற்றெடுத்தேன். ஊர் பெருமுக்கல். எங்களிடம் வாங்கியவர்களில் அந்த ஊர்க்காரர் யாருமில்லை என்பதால் அந்த ஊர். வயது அறுபத்தொன்று. தலைமையாசிரியர், ஓய்வு. முகத்துக்குப் பதிலாகப் பெருமுக்கல் மலைப் படத்தைப் போட்டேன். போன் நம்பர் கேட்டால், மலையடிவாரத்தில் வீடு, டவர் எடுக்காது. பெண் பெயரில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதினால் எழுதிய விஷயத்தை விட்டுவிட்டு, எந்த ஊரு, கல்யாணம் ஆயிடுச்சா என்றுதான் பதில் வரும். அதுவே தப்பில்லாத தமிழில் 'அன்புடையீர், வணக்கம்' என்று தொடங்கி, கீழே 'தலைமையாசிரியர் (ஓய்வு)' என்று போட்டால், எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவார்கள்.

நின்றார்கள். சவுரிராயன் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு மூன்று பேர் பதில் சொன்னார்கள். அப்புறம் அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். விழுப்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நடராசன் அண்ணன், கல்யாண ஆல்பத்தில் எழுத்து ஏன் நகர்ந்துபோகிறது என்று கேட்டார். அதே கேள்வியை முந்தின வாரம் என்னிடம் போனில் கேட்டு, நான் பதில் சொன்னதும், "சரியா தெரிஞ்ச ஆம்பளையாளு யாரனா இருந்தா குடும்மா" என்றவர் அவர். சவுரிராயன் அதே பதிலை எழுதினார். "ஐயா, தெய்வம் நீங்க" என்று அண்ணன் பதிலுக்கு எழுதினார்.

ஆறு மாதத்தில் மன்றத்தில் முந்நூறு பேர். சாருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நான் சவுரிராயன் பேரில் ஒரு பதிவு போட்டேன்: 'மின்தடை ஏற்படினும் செய்த பணி தானே சேமிக்கப்பட வேண்டும் என்பது என் பணிவான கருத்து.' மறுநாள் காலை சார் அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தார்.

"பாத்தியா பிரியா! இதுக்குத்தான் கம்யூனிட்டி வேணும்ன்றது. நம்ம யாருக்காச்சும் இது தோணிச்சா?"

சேரன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். மூன்றே வாரத்தில் அந்த வசதி வந்துவிட்டது. முனியம்மாள் அக்கா சவுரிராயன் ஐயாவுக்கு மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியதாக எழுதியிருந்தார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். நான் பெற்ற பிள்ளையைப் பார்த்து நானே பொறாமைப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு சார் விழுப்புரத்தில் ஒரு மண்டபம் பிடித்தார். பயனர் சந்திப்பாம். அதில் சவுரிராயனுக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நிற்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். சவுரிராயன் அவர்களை எங்கள் கம்பெனியின் புராடக்ட் ஹெட்டாக நியமிக்கும் ஆர்டர்.

"வாரத்துல மூணு நாள் வந்தா போதும் அவரு. உம் பக்கத்துல டேபிள் போட்டுடலாம். நீ அவருகிட்ட நெறைய கத்துக்கலாம் பிரியா" என்றார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருடமாக நான் கேட்ட பதவி. அதை நானே கற்பனை செய்த கிழவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறார். அதுவும் நான் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். மூன்று மணிக்கு சவுரிராயனின் மகன் மன்றத்தில் எழுதினார்: 'என் தந்தையார் நேற்று மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார்கள். நல்லடக்கம் இன்று காலை முடிந்தது. அன்பு காட்டிய அனைவருக்கும் நன்றி.' அடக்கம் முடிந்தது என்று போட்டுவிட்டதால் இனி யாரும் கிளம்பி வரமாட்டார்கள் என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள் செய்யக் கூடாத தப்பு அது. நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் காதில் விழுந்தாலே போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். சாவுக்குப் போக முடியாதவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் துக்கம் கேட்கப் போயாக வேண்டும். போகவில்லையென்றால் நாளைக்கு அவன் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள்?

இரண்டே நாளில் மன்றம் நிரம்பி வழிந்தது. எங்கள் சாஃப்ட்வேரிலேயே செய்த கண்ணீர் அஞ்சலிப் படங்கள் மட்டும் இருநூறுக்கு மேல். நடராசன் அண்ணன், ஐயா போன பொங்கலுக்குத் தன் கடைக்கு வந்து டீ குடித்ததாக எழுதினார். ஒருவருடைய தம்பி அவரிடம் ஆறாம் வகுப்பில் அடி வாங்கியிருக்கிறானாம். சார் அதையெல்லாம் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதான் பிரியா கம்யூனிட்டி" என்றார். எங்கள் சாஃப்ட்வேரை ஒரே நாளில் அத்தனை பேர் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மண்டப வேலையாக விழுப்புரம் போன சார் அங்கிருந்தே போன் செய்தார். ஞாயிறு காலை நடராசன் ஏற்பாட்டில் ஒரு வேன் கிளம்புகிறதாம், பதினெட்டுப் பேர், அவரும் அதிலேயே வருகிறாராம், திண்டிவனத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே பெருமுக்கல்.

பெருமுக்கலுக்குள் வேன் நுழைந்தால் வீடு வீடாகக் கேட்பார்கள். யார் வீட்டிலாவது உயிரோடு ஒரு சவுரிராயன் இருந்து தொலைத்தால் என்ன ஆகும்? ஞாயிறு காலை மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறி, பாதி வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி நின்றேன். அங்கே ஒரு வேலையாக வந்திருப்பதாகவும், டீக்கடை ஓரம் நிறுத்தச் சொல்லியும் நடராசன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

வேன் வந்தது. முகப்பில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஐயாவின் போட்டோ யாரிடமும் இல்லாததால், பெருமுக்கல் மலைக்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தது. எல்லாரும் டீ குடிக்க இறங்கினார்கள். முனியம்மாள் அக்கா கையில் கல்லறைக்கு வைக்க ஒரு மெழுகுவத்திப் பொட்டலம்.

"யாரும் பெருமுக்கல் போவ வேணாம்" என்றேன். "அங்க சவுரிராயன்னு ஒருத்தரும் இல்ல. எழுதினது பூரா நான்தான். செத்துட்டாருன்னு எழுதினதும் நான்தான். எல்லாரும் என்னை மன்னிச்சிக்கோங்க."

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா பேசற?" என்றார் நடராசன் அண்ணன். "அப்ப பொங்கலுக்கு எங்கடைக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போனது யாரு?"

"அத நீங்கதாண்ணே சொல்லணும்."

பதினெட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஒருவர் வேன் வாடகையைப் பற்றிக் கத்தினார். இன்னொருவர், வீட்டில் ஆள் செத்த மாதிரி இரண்டு நாளாகக் கறி மீன் தொடவில்லை என்றார். திட்டுவதற்கு அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன்.

முனியம்மாள் அக்கா மட்டும் கிட்டே வந்து என் கையைப் பிடித்தார். "கரண்டு போனாலும் பாடம் போவாம இருக்குதே, அத கேட்டு வாங்கனது நீயா கண்ணு?"

"ஆமாக்கா."

"அப்ப மெழுகுவத்தி ஒனக்குத்தான் ஏத்தியிருக்கேன். சாமி கணக்கு மாத்திக்கும், வுடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நடராசன் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, ஆனது ஆயிப்போச்சி. இனிமே எங்க கேள்விக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்தாண்ணே. எப்பவும் நான்தானே சொல்லிக்கினு இருந்தேன்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். "பதில் நீயே சொல்லும்மா, பரவால்ல. ஆனா சவுரிராயன் பேருலயே சொல்லு. அவரு சொன்னா ஒரு நம்பிக்கையா இருக்குது" என்றார்.

அதுவரை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சார், என்னைத் தனியாகப் புளியமரத்தடிக்குக் கூட்டிப் போனார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பையில் அந்த ஆர்டர் எட்டிப்பார்த்தது. ஐயாவின் மகனிடம் மரியாதைக்காவது கொடுத்துவிட்டு வரலாம் என்று எடுத்து வந்தாராம்.

அதற்கு மேல் இழக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து கேட்டேன். "சார், அந்த ஆர்டர்ல பேர மட்டும் மாத்தி எனக்குக் குடுங்க."

சார் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் நிஜமாகவே தெளிந்துவிட்டது.

"எதுக்கும்மா? அவரு வெளியாளு, அவர உள்ள கொண்டாரத்தான் இந்தப் பதவி. அந்த வேலையத்தான் நீ ஏற்கெனவே பண்ணிக்கினு இருக்கியே. இனிமே பதவியே தேவப்படாது" என்று கடிதத்தை நான்காகக் கிழித்தார். "திங்கக்கெழம வந்து மகன் பேருல ஒண்ணு எழுதிடு. அப்பா விட்டுட்டுப் போன பணிய நான் தொடர்றேன்னு. கம்யூனிட்டி ஒடைஞ்சிடக் கூடாது பாரு."

நான் சிரித்துவிட்டேன். அழுத கண்ணோடு சிரித்ததால் அவருக்குப் புரிந்திருக்காது.

"மகனும் கெடையாது சார். நான் இதுவரைக்கும் சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் நெசம். சவுரிராயன் செத்துட்டாரு. திங்கக்கெழமைலேந்து அவரு வேலைக்கு வரமாட்டாரு" என்று சொல்லிவிட்டு, திண்டிவனத்துக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் வந்து நின்ற விழுப்புரம் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.