விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கம்

இந்தோனேசியாவின் செராம் தீவில், எங்கள் ஊரில், பிள்ளை பெறும் குடிசைப் பக்கம் ஆண்பிள்ளை வரக் கூடாது. அந்த ரத்தம் பட்டால் அவனுக்கு ஆகாதாம். குடிசைக்கு முன்னால் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது, அதுதான் எல்லை. ஆனால் பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று சொல்ல வேண்டியது மட்டும் ஆண்கள். பார்க்கிறவளுக்கு வாய் கிடையாது, வாய் இருக்கிறவன் பார்க்கக் கூடாது. நல்ல ஏற்பாடு.

என் தங்கை உன்சாவுக்குக் காலையில் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை. வெளியே ஓடினேன். மரத்துக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் நௌபதே நின்றிருந்தான்.

"ரத்தம் நிக்க மாட்டேங்குது. வண்டிக்குச் சொல்லுடா."

"பெரியப்பா சொல்லணுமே அக்கா. ஜவ்வரிசிப் பனை வெட்டக் காட்டுக்குப் போயிருக்காரு. ஆள் அனுப்பியிருக்கேன்."

"உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக உன் பெரியப்பா எதுக்கு?"

"குலத்துக்குப் பெரியவர் அவர். அவர் சொல்லாம வண்டிக்காரன் எடுக்க மாட்டான். கொஞ்சம் பொறுங்க. பொம்பளைங்களுக்கு ரத்தம் போறது வழக்கம்தானே."

வழக்கமாம். காட்டில் ஈட்டியால் பன்றி குத்துகிறவன் அவன். எவ்வளவு ரத்தம் போனால் உயிர் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

உள்ளே உன்சா வெளுத்துப்போய்க் கிடந்தாள். "வண்டி வந்துச்சா அக்கா?"

"வந்துட்டே இருக்கு."

"குளிருது."

அவள் அடியில் நனைந்து கிடந்த கைலியை உருவி எடுத்துப் போய் அந்த மரத்தின் மேல் போட்டேன். சொட்டியது. "இப்பப் பாரு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனான். "அதை எடுத்துடுங்க அக்கா" என்று அழுதான். கெட்டவனில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வெயில் சாயும்போது உன்சா வண்டியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏறவேயில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது. குழந்தை அவள் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டது.

"இதுக்கா எனக்காகக் காத்திருந்தீங்க? தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே. போங்க, போங்க."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் என் தங்கை பகல் முழுக்கக் கிடந்தாள்.

வண்டிச் சத்தமும் வந்தது. "ஏத்துங்க அக்கா" என்று நௌபதே கூப்பிட்டான்.

"யாரை ஏத்தறது?" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவன் மரத்தைத் தாண்டி ஓடி வந்தான். அந்த ஈரக் கைலியை மிதித்துக்கொண்டுதான் வந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.