பிக்கப்புக்குப் பூப்போட்டுப் பார்த்தது

தாமல் தர்மன் மாடு வாங்கக் கிளம்பினால் ஊரில் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு அவன் பின்னால் போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பான், வாலை முறுக்கிப் பார்ப்பான், சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பான். தரகன் துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பதற்குள் மாட்டின் ஜாதகமே இவன் கைக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்டவன் காஞ்சிபுரத்தில், நெசவுக்காரர் தெரு ஒன்றில், பழைய பிக்கப் வேன் முன்னால் நின்றுகொண்டு முழித்தான். வேனுக்கு வால் கிடையாது.

கடைசியில் தெரிந்ததைச் செய்தான். நாலு டயரையும் உதைத்தான். முன்மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி "ம்" என்றான். அரிசி மில் லாரியில் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷமாகிறது. ஓட்டத் தெரியும்; உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது. அதை வெளியே சொல்வதற்கு அவன் என்ன சின்னப் பிள்ளையா?

வண்டி கைலாசத்தினுடையது. பத்துத் தறி ஓடுகிற வீடு. புடவை மூட்டைகளைப் பட்டணத்துக்குக் கொண்டுபோக அவர் தம்பி வாங்கி ஓட்டிய வண்டி அது.

"தம்பி போன ஐப்பசியில தவறிட்டான்பா. ஓட்ட ஆளு இல்லாம சும்மா நிக்குது" என்றார் கைலாசம்.

தர்மன் உச்சுக் கொட்டினான். எப்படித் தவறினார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் கண் அப்போது பின்சக்கரத்தில் இருந்தது. சக்கரத்தடியில் ஆப்பு மாதிரி செதுக்கிய ஒரு கட்டை. வேப்பங்கட்டை, தேய்ந்து வழவழப்பாகிப் போயிருந்தது.

"காலைல தெரு முழுக்கப் பாவு நீட்டியிருப்பாங்க. வண்டி உருண்டுச்சுன்னா மூணு புடவை நூலு ஒரேடியா அறுந்துபூடும். அதான் கட்டை" என்றார் கைலாசம், அவன் கேட்காமலே.

தர்மனுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. இருபத்தைந்து வருஷமாக எங்கே வண்டி நிறுத்தினாலும் சக்கரத்தடியில் கல் வைத்துவிட்டுத்தான் அவனும் மாட்டை அவிழ்ப்பான். சீட்டுக்கடியில் பார்த்தால் ஒரு டின்னில் எண்ணெய் வேறு, பாதி காலியாக. பிரேக் எண்ணெய் என்றார். இவன் மாட்டுவண்டியிலும் அச்சுக்குக் கீழே மசை டப்பா தொங்குகிறது. அது இல்லாமல் எவன் வண்டி ஓட்டுவான்? கட்டை வைத்திருக்கிறார், எண்ணெய் வைத்திருக்கிறார், வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டான். மாட்டுவண்டிக்காரன் கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அந்த இரண்டையும் பார்த்ததுமே தெருமுனைக்கு நடையைக் கட்டியிருப்பான்.

வெளிச்சாலையில் ஓட்டியும் பார்த்தான். சமதரை. மிதித்தபோது நின்றது.

காந்தாவிடம் சொன்னபோது அவள் குதிக்கவில்லை. தர்மனின் பெண்டாட்டி எதற்கும் சட்டென்று குதிக்கிறவள் இல்லை.

"யேசுதாஸ் அண்ணன் பாத்துச்சா?"

யேசுதாஸ் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் போனவன் பொங்கல் கழித்துத்தான் வருவான்.

"அது வர்ற வரிக்கும் பொறு."

"ஆற்காட்டுலேர்ந்து வேற பார்ட்டி வந்துக்கினு போறானாம். தை பொறந்தா வேன் வெச்சிருக்கிறவனுக்குத்தான் லோடுன்னு மண்டி குமாரவேல் சொல்லிட்டாரு. இன்னும் எத்தினி நாளைக்கி மாட்டு வாலப் புடிச்சிக்கினு போறது? நான் போய்ச் சேர்றதுக்குள்ள கத்திரிக்கா வாடிப்பூடுது."

"மாட்ட வித்துட்டு அத வாங்கணும். அதுவும் சரியில்லன்னா?"

பெண்டாட்டி மடக்கிவிட்டால் ஆண்பிள்ளைகள் செய்வதைச் செய்தான், சாப்பிடாமல் எழுந்தான். காந்தா தட்டை எடுத்து மூடிவைத்தாள். பிறகு சொன்னாள்: "சரி. பொன்னியம்மனுக்குப் பூப்போட்டுப் பாப்போம். வெள்ளை வந்தா வாங்கு. செவப்பு வந்தா யேசுதாஸ் அண்ணன் வர்ற வரிக்கும் வாயத் தொறக்காத."

அந்தக் குடும்பத்தில் பெரிய காரியம் எல்லாம் அப்படித்தான் முடிவாயிற்று. மகள் பூவம்மாளை மாகறலில் கொடுத்ததுகூட வெள்ளைப்பூ வந்த பிறகுதான். ஒரு இலையில் நந்தியாவட்டை, ஒரு இலையில் செவ்வரளி. வெளியே தெரியாமல் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. பூவைக் கட்டுவது எப்போதும் தர்மன். எடுப்பது காந்தா.

அன்றைக்கும் கோயில் பின்புறம், அரளிச்செடி பக்கத்தில் உட்கார்ந்து அவன்தான் கட்டினான். முதல் இலையில் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினான். இரண்டாவது இலையை விரித்துவிட்டு அரளியைப் பறிக்கக் கையை நீட்டினான். கை நின்றது. சுற்றிலும் யாரும் இல்லை. கை அரளியை விட்டுவிட்டு நந்தியாவட்டைக்கே திரும்பியது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கட்டி முடித்தான்.

பூசாரி அப்பாதுரை கற்பூரம் காட்டினார். காந்தா கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். இரண்டு பொட்டலத்தின் மேலும் கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பின்னுக்கு இழுத்தாள். அவ்வளவு யோசித்தாள், பாவம். வலது பக்கத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"தாயே சொல்லிட்டா. இனிமே எனக்குப் பயமில்ல."

பிரிக்காத பொட்டலத்தைப் பூசாரி தர்மன் கையில் கொடுத்தார், ஏரியில் விட்டுவிடச் சொல்லி. ஏரிக்கரைவரை போனான். தை நெருங்குகிற நேரம், தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தத் தண்ணீரில் அதை எறியக் கை வரவில்லை. இலை அவிழ்ந்து வெள்ளைப்பூ மிதந்து, குளிக்க வந்த எவளாவது பார்த்துவிட்டால்? இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினான்.

வீட்டில் காந்தா இட்லிக்கு ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நான் ஒண்ணு நெனச்சிக்கினேன்யா. பூவம்மாளுக்குத் தை மூணாம் வெள்ளி வளைகாப்பு. கட்டைவண்டில குலுங்கக் குலுங்க எப்பிடிக் கூட்டியாரதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இனிமே இன்னா? அம்மனே குடுத்த வண்டி. அதுலயே கூட்டியாந்துடலாம்."

கத்திரிக்காய் மூட்டை ஏற்றத்தான் அவன் அந்தப் பொய்யைக் கட்டினான். ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண்ணை ஏற்ற அல்ல. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் தலையில் அந்தப் பூ இருந்தது. "ஆவட்டும்" என்றான்.

மாட்டுப் பொங்கலுக்கு முந்தியே மாடுகள் போய்விட்டன. தெருவில் எல்லா வீட்டுக் கொம்புக்கும் வர்ணம் பூசினார்கள்; இவர்கள் கொட்டகை வெறுமனே கிடந்தது. மறு வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்கப் போனபோது காந்தாவும் வந்தாள். மஞ்சள் குங்குமம் வைத்தாள், எலுமிச்சம்பழம் வைத்தாள். கைலாசம் வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டி போகிறது, வாசலில் வந்து பார்க்க ஒரு ஆளில்லை. தறிச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

புறப்படும்போது ஒரு பெண் கதவோரம் வந்தாள். வெறும் நெற்றி, முப்பது வயதுகூட இருக்காது. கைலாசத்தின் தம்பி மனைவி வள்ளி. காந்தாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"யாரும்மா ஓட்டப்போறது?"

"எங்க வூட்டுக்காரருதான்."

வள்ளி ஏதோ சொல்ல வந்தாள். உள்ளிருந்து கைலாசம் இருமினார்.

"கட்டைய மறக்காம போடச் சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காந்தா அதை வண்டியில் ஏறிச் சொன்னாள். தர்மன் சிரித்தான். "எனக்கா? கட்டை போட எனக்கா சொல்லித் தர்றாங்க?" சிரித்தானே தவிர, ஏரிக்கரை தாண்டும்வரை அந்தப் பெண்ணின் முகம் அவனை விடவில்லை. பொட்டலத்தைத் தொலைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தான். வீட்டில் ஒளிக்க இடமில்லாமல் அதுவரை மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருந்ததை எடுத்து, சீட்டுக்கடியில் எண்ணெய் டின்னுக்குப் பின்னால் தள்ளிவைத்தான்.

ஒரு வாரம் கத்திரிக்காய் ஓட்டினான். குமாரவேல் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாலாம் நாள் பிரேக் கொஞ்சம் ஆழத்தில் போய்ப் பிடிக்கிற மாதிரி இருந்தது. டின்னில் இருந்ததை ஊற்றினான், சரியாயிற்று. மாடு ஒருநாள் சண்டித்தனம் செய்வதில்லையா? யேசுதாஸ் ஊரிலிருந்து வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டான். ஆனால் அவன் ஒர்க் ஷாப் பக்கமே தர்மன் போகவில்லை. அவன் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டால், அம்மன் எப்படிப் பொய் சொன்னாள் என்று காந்தா கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தான்.

தை மூன்றாம் வெள்ளி. மாகறலில் வளைகாப்பு முடிந்து, முன்சீட்டில் பூவம்மாளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். வண்டி ஆடும்போதெல்லாம் குலுங்கியது.

"நைனா, கட்டைவண்டி மாரியே இல்ல, தொட்டில் மாரி போவுது" என்றாள் பூவம்மாள்.

காஞ்சிபுரத்தைக் கடக்கும்போது இரண்டு தடவை மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. தாமல் பஸ் நிறுத்தத்தில் ஒர்க் ஷாப் வந்தது. யேசுதாஸ் வாசலில் நின்று கையைக்கூட ஆட்டினான். தர்மனின் கால் பிரேக்கின் மேல் போயிற்று. காந்தா பக்கத்தில் இருக்கிறாள். கால் திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் இறக்கிவிட்டு, காலையில் முதல் வேலையாக இவனிடம் கொண்டுவருவேன் என்று பொன்னியம்மனுக்கே சத்தியம் செய்தான். யாருக்குச் செய்கிறோம் என்று பிறகுதான் உறைத்தது.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் தாமல் ஏரிக்கரை வந்தது. ரோட்டை விட்டுக் கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் சரிவில் இறங்கினால் ஊர். இறக்கம் முடிகிற இடத்தில்தான் பொன்னியம்மன் கோயில். தை வெள்ளி, கோயில் முன்னால் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். புகை மேலேவரை தெரிந்தது.

"யம்மா, குமட்டுது" என்றாள் பூவம்மாள்.

"இரு, துணி தர்றேன்." காந்தா சீட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். டின் உருண்டது. துணியோடு ஒரு சின்னப் பொட்டலமும் வந்தது. இலை சருகாகிப்போயிருந்தது, நாரும் முடிச்சும் தர்மனுடையது. இருபது வருஷமாகப் பார்க்கிற முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

அவள் பிரித்தாள். உலர்ந்துபோன நந்தியாவட்டை.

வண்டி கரைமேல் ஏறி முடித்து இறக்கத்தில் தலையைச் சாய்த்தது.

"இது இன்னாய்யா?"

தர்மன் பொட்டலத்தைப் பார்த்தான், ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டான்.

"செவப்பு எங்க?"

"வெக்கலே" என்றான். "ரெண்டும் வெள்ளதான்."

"அப்ப அம்மன் சொல்லலே?"

"சொல்லலே. நான்தான் சொன்னேன்."

காந்தா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு கையால் மகளின் வயிற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "வண்டிய நிறுத்து. எம்பொண்ண எறக்கி நடத்திக் கூட்டிப் போறேன். நிறுத்து" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். தர்மன் மிதித்தான். கால் தரைவரை போயிற்று. மறுபடி மிதித்தான், சேற்றில் வைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. கியரை இழுத்தான், பல் கடித்துக்கொண்டு கத்தியது, விழவில்லை. கைப்பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி ஆடிக்கொண்டிருந்தது; கட்டை இருக்கிற தைரியத்தில் இத்தனை நாள் அவன் அதைத் தொட்டதே இல்லை. டின் எதற்கு, கட்டை எதற்கு, கைலாசத்தின் தம்பி எப்படித் தவறினார், அந்தப் பெண் எதற்காகக் கதவோரம் வந்தாள், எல்லாம் அந்த ஒரு நொடியில் அவனுக்கு விளங்கிவிட்டது.

"நிறுத்துன்னு சொல்றேன்ல" என்றாள் காந்தா. வேண்டுமென்றே நிறுத்தாமல் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பூவம்மாளின் வளையல்கள் நிற்காமல் குலுங்கின. கீழே அடுப்பு முன்னால் குனிந்திருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்து, வருவது தர்மன் வண்டி என்று தெரிந்து, சிரித்தபடி கையை ஆட்டினாள். வேப்பங்கட்டை பின்னால், கோணிக்கடியில் பத்திரமாக இருந்தது.