கேட்காமல் நட்ட வாழை

மூணாறுக்கு மேலே உள்ள எஸ்டேட் விடுதிக்குப் புது மேனேஜராக வந்த பூபதிராஜா, அறைகளைச் சுற்றி இருநூறு வாழை நடச் சொன்னார். அங்கே பதினாறு வருடமாக அறை கூட்டும் செல்வலட்சுமி, "சார், இந்தப் பக்கம் வாழை வச்சா..." என்று ஆரம்பித்தாள்.

"யோசிக்கிறது என்னோட வேலைங்க. நீங்க கூட்டுங்க."

அவள் கூட்டப் போய்விட்டாள். குலை தள்ளிய வாரமே, பட்டப்பகலில் மூன்று காட்டு யானைகள் வந்து வாழையைத் தின்று, இரண்டு அறைகளின் கதவையும் பெயர்த்துப் போட்டன. விருந்தினர்கள் ஜீப் பிடித்து ஓடினார்கள்.

"ஆனை வரும்னு ஒருத்தராச்சும் சொல்லக் கூடாதுங்களா?" என்று கத்தினார் மேனேஜர்.

"நீங்க கேட்டீகளா சார்?" என்றாள் செல்வலட்சுமி.

மறுநாளே எல்லோருடைய கருத்தையும் கேட்கக் கூட்டம் போட்டார். ஒரு மணி நேரம் அவரே பேசினார். செல்வலட்சுமிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.