தான்பியின் சின்ன அறையில் எதை எங்கே வைப்பது

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பை கமலா ஆரஞ்சோடு என் வாசலுக்கு வந்தது. கொரியாவின் புச்சொன் நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மேல்வீட்டுப் பெண் ஒருநாள் இறங்கி வந்து, பையை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மத்தியானத்துல மட்டும் வாஷிங் மெஷின் போடாம இருப்பீங்களா? நான் மேல புத்தகம் படிச்சுப் பதிவு பண்றேன். கதாநாயகி சாகற இடத்துல உங்க மெஷின் சுத்துது."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பழத்தை வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் கதைக்கு அவளையும் எடுத்துக்கொண்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குப் பெரிய வசதி. அவள் பெயர் தான்பி இல்லை. அவளுக்குக் கணவன் இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் சரக்கு.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

தான்பி அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டிவிட்டு, காது கொடுத்துக் கேட்டாள். சுவர்கள்

(சுவர்கள் என்ன செய்தன? 'பதில் சொல்லின' என்று எழுதப் போனேன். சுவர் பதில் சொல்லும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன். விட்டுவிடுவோம்.)

இரண்டாம் முயற்சி:

நாற்பத்தாறு வயதில் தான்பிக்கு ஒரு வேலை கிடைக்கும்போல இருந்தது.

இதுதான் சரி. தான்பி ஒரு பெரிய கடையில் ஒலிபெருக்கி அறிவிப்பு செய்தவள். 'சிவப்புத் தொப்பி போட்ட குழந்தை இரண்டாம் மாடியில் அழுதுகொண்டிருக்கிறது' என்பதைக் குழந்தையின் அம்மா பதறாதபடி சொல்லத் தெரிந்தவள். பிறகு கடைக்காரர்கள் இயந்திரக் குரலை வாங்கிப் போட்டுவிட்டு இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வருஷக்கணக்காக வீட்டில் இருந்தவளுக்கு இப்போது ஒலிப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்திலிருந்து வாய்ப்பு. வீட்டிலேயே பதிவு செய்து சில பக்கம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். பதில் வந்தது: 'குரல் அருமை. ஆனால் பின்னால் ஏதோ முனகுகிறது. இன்னொரு முறை முயன்று பாருங்கள்.' அதற்கும் மேல் ஒரு முறை தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

முனகியது கிம்ச்சி ஃபிரிட்ஜ்: முட்டைக்கோஸில் போடும் கார ஊறுகாயான கிம்ச்சிக்கென்றே வைக்கும் தனிக் குளிர்பெட்டி. வீடு வாங்கிய புதிதில், அந்தக் கட்டடத்தில் எல்லோரும் செய்ததைப் போல இவர்களும் வராந்தாவை இடித்துச் சின்ன அறையோடு சேர்த்துக்கொண்டார்கள். அறை பெரிதானது. வராந்தாவில் நிற்க வேண்டிய ஃபிரிட்ஜ் அறைக்குள் வந்துவிட்டது.

3.

கணவன் மன்சொக். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

முதல் பிரதியில் அவனை வில்லனாக வைத்தேன். நிற்கவில்லை. காலையில் சூப் வைப்பவன் அவன்தான். பனிக்காலத்தில் அவள் இறங்கி வருமுன் காரைச் சூடாக்கி வைப்பவனும் அவன்தான். நல்லவன். நல்லவனை வைத்துக்கொண்டு கதை எழுதுவதைப்போலத் தலைவலி வேறில்லை. ஆனால் அவனுக்கு வரைபடம் போடும் வியாதி இருந்தது.

"அந்த ஃபிரிட்ஜ நகத்தணும்" என்று தான்பி சொன்னது ஒரே வாக்கியம். மன்சொக் கட்டம்போட்ட தாளும் அளவுநாடாவும் வாங்கி வந்தான். மேசை குறுகலான சுவரைப் பார்த்திருக்க வேண்டும். அறை நீளத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு தள்ளிக் காது வரவேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் தலையும் முக்கோணமாக நிற்கவேண்டும். மூலைகளில் கனமான பஞ்சு அடைக்க வேண்டும்.*

"ஃபிரிட்ஜ்?" என்றாள்.

"பின் சுவர்லயே இருக்கட்டும். நல்ல கனம். குமுறல் சத்தத்த முழுங்கிடும்."

"ஏங்க, அது சத்தத்த முழுங்கல. சத்தம் போடுது."

"வேற எங்க வைக்கறது? ஹால்ல வெச்சா டிவி கேக்காது. படுக்கை ரூம்ல வெச்சா தூக்கம் வராது. எங்கம்மா குடுத்தது, ரோட்லயா வைக்க முடியும்?"

மறுநாள் இன்னொரு வரைபடம் வந்தது. ஜன்னலுக்குத் திரை சேர்த்திருந்தான். ஃபிரிட்ஜ் அதே இடத்தில்.

* இதெல்லாம் சரிதானா என்று விசாரித்தேன். அத்தனையும் சரி. மன்சொக்கிடம் உள்ள தொல்லையே அதுதான்.

4.

தான்பி வரைபடத்துக்குக் காத்திருக்கவில்லை. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பிடுங்கியதை மறந்துவிடக்கூடாதே. அதற்கு ஒரு தந்திரம் உண்டு, மன்சொக்தான் ஏதோ வீடியோவில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தது: கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டுவிட வேண்டும். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவோம், ஃபிரிட்ஜைத் திறப்போம், பிளக் ஞாபகம் வரும். முட்டைக்கோஸ் டப்பாக்களின் மேல் சாவியை வைத்து மூடினாள். பதிவு செய்தாள். அறை கம்மென்று இருந்தது. தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, வாய்விட்டு, "அட, நானா இது" என்றாள். சந்தோஷத்தில் உடனே அனுப்பியும்விட்டாள்.

சாயங்காலம் மன்சொக் கிம்ச்சி எடுக்க மூடியைத் திறந்தான்.* உள்ளே கார் சாவி. பாவம், வேலை டென்ஷனில் பெண்டாட்டிக்கு மறதி வந்துவிட்டது, சொன்னால் வருத்தப்படுவாள் என்று நினைத்தான். சத்தமில்லாமல் எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினான்.

மறுநாள் தான்பி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

குளிருக்காகத் தரைக்கடியில் சூடு ஓடும் அறை அது. மன்சொக் அன்று எடுத்து வைத்த கிம்ச்சி சமையலறையில் தீரும்வரை யாரும் அந்த மூடியைத் திறக்கவில்லை. திறந்த அன்று, மாமியார் பனிக்காலம் முழுமைக்கும் போட்டுக் கொடுத்த கிம்ச்சி பொங்கி, டப்பா மூடிகளைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பிளக்க யாரு பிடுங்கினது?"

"நான்தான். சாவிய யாரு எடுத்தது?"

"உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்!"

"எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சங்கடப்படுவேன்னு..."

"இப்ப சந்தோஷமா இருக்கேன், பாருங்க!"

 * மூடியைத் திறந்தவனுக்கு உள்ளே விளக்கு எரியாதது தெரியாதா என்பீர்கள். ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், மறு கையில் வீடியோ ஓடும் கைப்பேசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சாவியை எந்தக் கையால் எடுத்தான் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

5.

இங்கே மாமியார் வந்து இறங்கியிருக்க வேண்டும். வந்தும் இறங்கினார், இரண்டு பக்கம். இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டேன். அவர் வந்தால் கதை அவருடையதாகிவிடும். போனில் மட்டும் ஒரு வாக்கியம் அனுமதிக்கிறேன்.

"என்னடா, கிம்ச்சி நல்லா ஊறியிருக்கா?"

"அருமையா ஊறியிருக்கும்மா" என்றான் மன்சொக். அதில் பொய்யில்லை.

அதற்குப் பிறகு காலையில் புளித்த கிம்ச்சிக் குழம்பு, மத்தியானம் புளித்த கிம்ச்சி அடை, ராத்திரி காலைக் குழம்பின் மிச்சம். எதிரெதிரே உட்கார்ந்து தின்றார்கள். அந்தச் சமயத்தில்தான் பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. முழுப் புத்தகமும் அவளுக்கே. முதல் அத்தியாயம் திங்கட்கிழமை வேண்டும், ஒலி இதே சுத்தத்தில் இருக்க வேண்டும்.

தான்பி கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். மன்சொக்குக்கும் கண் கலங்கியது. எழுந்து போய்க் கட்டம்போட்ட தாளை எடுத்து வந்தான்.

6.

"இனி ஃபிரிட்ஜ அணைக்கவே வேண்டாம். வழி வரைபடத்துலயே இருக்கு" என்றான்.

தான்பி பார்த்தாள். மேசை, முக்கோணம், முப்பத்தெட்டுப் பங்கில் ஒரு பெரிய வட்டம்.

"இது யாரு?"

"நான். நான்தானே உனக்குப் பதிவு பண்ணப் போறேன்."

"நான் எங்க?"

பென்சில் முனை அறையைத் தாண்டி மூலைக்குப் போய், துணி அலமாரிக்குள் நுழைந்து, ஒரு புள்ளியைத் தொட்டது. "இங்க. குளிர்கால கோட்டுங்களுக்கு நடுவுல. எதிரொலியே இருக்காது. கதவ சாத்திட்டா ஃபிரிட்ஜும் கேக்காது."

பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தான். ஒலி சாஸ்திரப்படி அதுவும் சரிதான். வீட்டில் பதிவு செய்கிறவர்கள் பாதிப்பேர் அலமாரிக்குள்தான் நிற்கிறார்கள்.

தான்பி எழுந்து போய்ப் பழைய வரைபடங்களையெல்லாம் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். திரை வைத்தது, திரை வைக்காதது, மேசை திரும்பியது, திரும்பாதது. எல்லாவற்றிலும் நடுவில் பெரிய வட்டம். எல்லாவற்றிலும் கோட்டுகளுக்கு இடையில் அந்தப் புள்ளி. முதல் நாளிலிருந்தே அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

"பேசப் போறது நானு."

"ஆமா."

"கால் நீட்டி உக்காந்து கேக்கப் போறது நீ."

'நீங்க'வில் 'ங்க' விழுந்துவிட்டதை மன்சொக் கவனித்தான்.

7.

முடிவு அ: மன்சொக் மன்னிப்புக் கேட்கிறான், ஃபிரிட்ஜ் படுக்கையறைக்குப் போகிறது, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறான். (இனிப்பு தூக்கல்.)

முடிவு ஆ: தான்பி அலமாரிக்குள் நின்றே முழுப் புத்தகத்தையும் படித்து முடிக்கிறாள். வெளியே அவன் தலையாட்டிக் கேட்கிறான். (நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: தான்பி

இங்கே நிறுத்திவிட்டு, எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கதையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது யார்? நான். என் சந்தேகம், என் நட்சத்திரக் குறி, என் அடைப்புக்குறி. தான்பிக்கு நான் விட்ட இடம் அவற்றுக்கு நடுவே இருக்கும் இடுக்கு. மன்சொக்கைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வெட்கமாக இருந்தது. ஆகவே 'முடிவு இ'யை அவளிடமே விட்டேன்.

8.

"தூக்கு" என்றாள் தான்பி.

இருவருமாக ஃபிரிட்ஜுக்கு அடியில் பழைய மெத்தை விரிப்பைச் செருகி, வீட்டுக்குள் இருக்கும் நடைவழிக்கு இழுத்தார்கள். கழிவறைக்கு இனி வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் போக வேண்டும். மேசை ஹாலுக்குப் போனது. அலமாரியைத் திறந்து எல்லாக் கோட்டுகளையும் வெளியே எடுத்தாள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, தன்னுடையதையும் அவனுடையதையும் வரிசையாகத் தொங்கவிட்டாள். அறையின் நடுவில் ஒரு நாற்காலி, ஒரு மைக். எந்த வரைபடத்திலும் இல்லாத ஏற்பாடு.

"முப்பத்தெட்டுப் பங்கு..." என்று ஆரம்பித்தான் மன்சொக்.

"வெளிய நில்லுங்க."

போனான். நான் கோட்டுகளுக்குப் பின்னால் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்தான்."

போனேன். அவள் இன்னும் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்காக என்று பார்த்தேன். உங்களுக்காக. வாருங்கள், வந்துவிடுங்கள், அவளுக்குத் திங்கட்கிழமை கெடு இருக்கிறது.

கதவு சாத்தியாயிற்று. நாம் மூன்று பேரும் நடைவழியில் ஃபிரிட்ஜோடு முட்டிக்கொண்டு நிற்கிறோம். மன்சொக் கதவில் காதை வைத்திருக்கிறான். நானும் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எழுதியவன் நான்தான், ஆனாலும் உள்ளே அவள் முதல் வரியைத் தொடங்கிவிட்டாளா, குரல் நடுங்குகிறதா, கோட்டுகள் போதுமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கள் காது என்னுடையதைவிட நல்ல காதாக இருக்கலாம். ஏதாவது கேட்டால் சொல்லுங்கள். ஆனால் இப்போது வேண்டாம், அவள் பதிவு செய்துகொண்டிருக்கிறாள்.