முந்நூற்று நாற்பதாவது நாடு

மெருகேற்றிய மரக்கட்டையின் மேல் தந்தி தட்டும் பித்தளை மோர்ஸ் சாவி ஒன்று மேடை மேசையில் பளபளத்துக்கொண்டிருந்தது. வானொலி ஆர்வலர் சங்கத்தின் முதல் ‘தூயகரம்’ விருது. நாற்பது ஆண்டுகள் கையால் மட்டுமே மோர்ஸ் தட்டி, கணினியின் துணையை ஒருமுறைகூட நாடாமல் உலகத்தோடு பேசியவருக்கு உரியது. அந்த விதிகளை எழுதியவர் சங்கத் தலைவர். விதிகளுக்குப் பொருந்தி வந்த ஒரே ஆளும் சங்கத் தலைவர்தான். யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. அவர் மட்டும் ஆச்சரியப்பட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தில் அவருக்குத் தந்தியார் என்று பேர். முதுகுக்குப் பின்னால் வைத்த பேர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு கையெழுத்துக்குக் கீழே போட ஆரம்பித்துவிட்டதால், வைத்தவர்களுக்கு அதிலிருந்த சுகம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால். வாடகை அரங்கில் நாற்பது நாற்காலி, முப்பத்திரண்டு தலை, அதில் இருபத்தாறு வழுக்கை. தந்தியார் ‘சிறு முன்னுரை’ என்று தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

“நாங்க இதுல இறங்கின காலத்துல செட்டைக் கடையில வாங்க முடியாது. பட்டாளத்துல கழிச்சுப் போட்ட சாமானை எடைக்கு வாங்கிட்டு வந்து, வால்வைப் பிடுங்கி, நாமளே சாலிடர் பண்ணணும். லைசென்ஸ் வேணும்னா அதிகாரி முன்னாடி உக்காந்து மோர்ஸ் வாங்கிக் காட்டணும். ஒருத்தன்கிட்ட பேசினதுக்கு அத்தாட்சியா அட்டை தபால்ல வர ஆறு மாசம். இப்ப? பரீட்சையில மோர்ஸையே தூக்கிட்டாங்க. செட்டு அட்டைப்பெட்டியில வருது. பதினஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிடுது. இவர் பக்கத்துல உக்காந்து வேர்க்கடலை உரிக்கிறார். இதுக்குப் பேரு ரேடியோவா? இதுக்குப் பேரு வாஷிங் மெஷின்!”

கைதட்டல். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவர் முன்வரிசை ரேடியோக்கடைக்காரர். இருபது வருடம் ரேடியோ விற்றவர். இப்போது அதே பலகையின் கீழ் கைப்பேசி உறை விற்கிறார். “அப்படிப் போடுங்க தலைவரே! மானத்தை வாங்கிட்டானுங்க!” என்றார்.

சங்கச் செயலாளர் எழுந்தார். பல் டாக்டரம்மா. அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதிலும் மூட வைப்பதிலும் பதினைந்து வருட அனுபவம்.

“நல்லாச் சொன்னீங்க சார். அந்த வாஷிங் மெஷின் எப்படி ஓடுதுன்னு ஒரு பத்து நிமிஷம் காட்டிடறேன், அப்புறம் விருது கொடுத்துடலாம். இது நேரலை வரைபடம். உலகத்துல யார் யாரைக் கூப்பிடறாங்க, கையாலயா கம்ப்யூட்டராலயான்னு கோடு கோடா விழும். கைன்னா பச்சை, கம்ப்யூட்டர்னா சிவப்பு. நம்ம ஊரைப் பெருசு பண்ணிப் பாப்போம், யார் யார் ஒளிஞ்சிருக்காங்கன்னு.”

அரங்கம் சிரித்தது. தந்தியாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணால் வாசலைத் தேடினார்.

ஏனென்றால் அந்த நிமிடத்தில் அவர் வீட்டில், பூட்டிய அறைக்குள், அவருடைய கணினி பதினைந்து செகண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேர்க்கடலை உரிக்கக்கூட ஆள் இல்லாமல்.

கூப்பிட்டது ஒரு பாறையை. நடுக்கடலில் கிடக்கும் அந்தப் பாறையில் பறவைகளைத் தவிர வேறு குடிமக்கள் கிடையாது. ஆனாலும் வானொலி ஆர்வலர்களின் கணக்கில் அது ஒரு நாடு. அவர்கள் பட்டியலில் மொத்தம் முந்நூற்று நாற்பது நாடுகள். தந்தியார் முந்நூற்று முப்பத்தொன்பதோடு பேசி, அட்டைகளை ஆல்பத்தில் வரிசையாக ஒட்டி, கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக வைத்து ஒன்பது வருடம் காத்திருந்தார். இப்போது ஆறு பேர் படகில் போய் அங்கே கூடாரம் அடித்திருந்தார்கள். நான்கே நாள். இன்று இரண்டு மணிக்குக் கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். மறுபடி யார் போவார்களோ, அப்போது தந்தியார் இருப்பாரோ!

கையால் கூப்பிட்டிருக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். இரண்டு வருடமாக அவர் இரண்டு காதுகளுக்குள்ளும் ஒரு விசில். மோர்ஸ் ஒலியின் அதே சுருதியில், முடிவே இல்லாத ஒரு நீளக் கோடு. பேச்சு கேட்கும், பேருந்து கேட்கும், மனைவி அலுத்துக்கொள்வது நன்றாகவே கேட்கும். தூரத்திலிருந்து வரும் மெல்லிய மோர்ஸ் மட்டும் அந்த விசிலுக்குள் மூழ்கிப்போகும். ஊருக்கெல்லாம் மோர்ஸ் சொல்லிக்கொடுத்த மனுஷன் இதை யாரிடம் சொல்வது? கணினியிடம் சொன்னார். அது கேட்டுச் சொல்ல ஆரம்பித்தது. அப்புறம் தானாகவே கூப்பிடும் புரோகிராம் ஒன்றும் கிடைத்தது. செட்டின் முன்னால் ஆள் இல்லாமல் அதை ஓட விடுவது உரிமத்துக்கே விரோதம் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வாசகத்தைப் பலகையில் எழுதிச் சங்கத்தில் மாட்டியதே அவர்தான்.

டாக்டரம்மா புரொஜெக்டர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தந்தியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நடைவழிக்கு நழுவி, கழிப்பறை ஓரம் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

அவர் மனைவி தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகமே இடிந்து விழுந்தாலும் குரல் ஏறாது, இறங்காது.

“சொல்லுங்க.”

“இங்க பாரு, ஏன் எதுக்குன்னு கேக்காதே. கம்ப்யூட்டரை உடனே நிறுத்தணும்.”

“ரூம் பூட்டியிருக்கு. சாவி உங்க பாக்கெட்ல.”

சட்டைப் பையில் கை போயிற்று. சாவி இருந்தது. “சரி, மெயின் சுவிட்சை அணை.”

“அணைச்சா? பாட்டரி எட்டு மணி நேரம் தாங்கும்னு வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் அணைச்சு அணைச்சுக் காட்டினீங்களே.”

அரங்கத்துக்குள்ளிருந்து, “திரை வந்திருச்சு, இன்டர்நெட்தான் இழுக்குது” என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. தந்தியார் குரலைத் தாழ்த்தினார்.

“பால்கனியில துணிக்கொடி பக்கத்துல கறுப்பா தடிச்ச வயர் ஒண்ணு போகுதுல்ல?”

“அதுலதான் உங்க பனியன் காயுது.”

“அதை வெட்டு.”

“ஏங்க, அது உங்க ஏரியல். அது பக்கத்துல தும்மக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“இப்ப தும்மு! செடி வெட்டற கத்தரியை எடு, சீக்கிரம்!”

“லைன்ல இருங்க” என்று, முப்பது வருடப் பழக்கத்தில், சொல்லிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம். ஏதோ டிராயரை இழுக்கும் சத்தம். மூடும் சத்தம். இன்னொரு டிராயர். தந்தியார் சுவரில் நகத்தால் தாளம் போட்டார். மோர்ஸில் ‘சீக்கிரம்’ என்று தட்டிக்கொண்டிருந்ததை அவரே கவனிக்கவில்லை.

“யாரு தலைவரே போன்ல?”

ரேடியோக்கடைக்காரர், கழிப்பறைக்கு வந்தவர், கதவில் கை வைத்தபடி நின்றார்.

“வீட்ல... வயிறு சரியில்ல.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். போனில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

“கத்தரி கெடைச்சிடுச்சு. ஏங்க, ஜன்னல் வழியா உங்க ஸ்கிரீன் தெரியுது. இவ்வளவு நேரம் மஞ்சளாவே ஓடிட்டிருந்துச்சு. இப்ப செவப்பா ஒரு வரி வந்திருக்கு. அதுல நம்ம நம்பர் பிளேட்டு இருக்கு.”

நம்பர் பிளேட் என்று அந்த அம்மாள் சொன்னது உரிமத்தோடு வந்த அவருடைய அழைப்புக் குறியை. கேட்டிலும் ஸ்கூட்டரிலும் லெட்டர்பேடிலும் கண்டதிலெல்லாம் எழுதிவைத்தால் வேறு எப்படிச் சொல்வது?

பாறை பதில் சொல்லிவிட்டது. மூன்று நாளாக உலகமே முண்டியடித்துக் கத்திக்கொண்டிருக்க, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது. இனி இவர் பக்கம் ஒரு பதில், அந்தப் பக்கம் ஓர் ஒப்புதல். முக்கால் நிமிடம் போதும். ஒன்பது வருடம் காலியாகக் கிடந்த கட்டம் நிறைந்துவிடும்.

“வந்திருச்சு!” உள்ளே டாக்டரம்மா கூவினார். “இது உலகம். இதோ நம்ம பக்கம். இன்னும் பெருசு பண்றேன், பொறுங்க.”

கதவிடுக்கில் மேடை தெரிந்தது. பித்தளைச் சாவி தெரிந்தது. பதினாறு வருடம் உட்கார்ந்து பள்ளம் விழுந்த தலைவர் நாற்காலி தெரிந்தது. முக்கால் நிமிடத்துக்குள் திரையில் ஊர் தெரிந்துவிடும்.

“என்னங்க, வெட்டட்டுமா வேணாமா?”

தந்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

“வெட்டு” என்றார். வெட்டும் சத்தம் காதில் விழுந்துவிடக் கூடாதென்று உடனே போனை அணைத்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தபோது அவர் முகம், சாவு வீட்டிலிருந்து நேராகக் கல்யாண வீட்டுக்கு வந்தவன் முகம் மாதிரி இருந்தது. போனது போகட்டும், பேராவது மிஞ்சியது என்று மூச்சை விட்டார். பாவம், அந்த வரைபடத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. விளக்கு மாதிரி, அணைத்தால் அணைந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

“இது கடந்த ஒரு மணி நேரத்துல நடந்ததெல்லாம் காட்டும்” என்றார் டாக்டரம்மா.

தந்தியார் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

திரையில் ஊர் விரிந்தது. சாம்பல் நிறத்தில் தெருக்கள். நடுவே ஒரே ஒரு புள்ளி. அதிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று கடலைத் தாண்டி நீண்டு பாறையைத் தொட்டது.

“அட! நம்ம ஊர்ல யாரோ தீவைப் பிடிச்சிட்டாங்க! பதினொண்ணு இருபத்தாறு. முழுசா முடிஞ்சிருக்கு. யாருன்னா...” டாக்டரம்மா குனிந்து அழைப்புக் குறியைப் படித்தார். பாதி படிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஆனால் கோட்டின் நிறத்தைக் கவனிக்க யாருக்கும் பொறுமையில்லை; அரங்கம் எழுந்துவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பாறையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியவர்கள். “தலைவரே, அடிச்சீங்களே!” என்றது ஒரு குரல். “எத்தனை வாட்?” என்றது இன்னொன்று. “ஏரியல் எந்தப் பக்கம் திருப்பினீங்க?” யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தந்தியாரும் மூன்று செகண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். முழுசா முடிஞ்சிருக்கா? அப்படியானால் அவள் வெட்டவில்லையா?

ரேடியோக்கடைக்காரர்தான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “இருங்க இருங்க. பதினொண்ணு இருபத்தாறுக்கு இவரு அங்க தீவோட பேசியிருக்காரு. அப்ப இங்க கக்கூஸ் வாசல்ல நின்னு வயிறு சரியில்லன்னது யாரு?”

கை குலுக்கிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள்.

“வீட்ல உங்க சம்சாரம் இருக்காங்கல்ல...” என்று டாக்டரம்மா மெதுவாக ஒரு ஏணியை நீட்டினார். “அவங்க ஏதாவது தட்டியிருப்பாங்களோ சார்?”

ஏறிவிடலாம். ஒரு தலையசைப்புப் போதும். தந்தியார் தலையை அசைக்கத் தொடங்கினார். ‘லைன்ல இருங்க’ என்ற குரல் நினைவுக்கு வந்தது. அசைவு பாதியில் நின்றது.

“இல்லம்மா. கம்ப்யூட்டர். தானா ஓடுது. ரெண்டு வருஷமா.” தண்ணீர் குடித்தார். “எனக்கு மோர்ஸ் கேக்கலை.”

நாற்பது வருடத்தில் அவர் அந்தச் சங்கத்தில் பேசிய மிகச் சிறிய உரை அதுதான். பிறகு அவரே விதிப் புத்தகத்தைப் பிரித்து, தகுதியிழப்பு பற்றிய ஏழாம் விதியை எல்லாருக்கும் வாசித்தார். வேறு யாரும் அதைப் படித்ததில்லை, அதனால் அவர்தான் வாசிக்க வேண்டியிருந்தது. “உரிமத்துக்கும் விரோதம். அதை நானே எழுதிக் கொடுத்துடறேன்” என்று சொல்லி, பித்தளைச் சாவியை மேசையின் மறுபக்கம் நகர்த்திவிட்டு வெளியே நடந்தார். பின்னாலிருந்து ரேடியோக்கடைக்காரர், “வெக்கக்கேடு! நாற்பது வருஷ சங்கம்!” என்று பத்துப் பேருக்குக் கேட்கும்படி அங்கலாய்த்தார்.

வீட்டுப் பால்கனியில் வயர் இரண்டாகத் தொங்கியது. ஒரு துண்டில் பனியன் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

“வெட்டச் சொன்னேனே!”

“வெட்டியிருக்கேனே.”

“எப்ப?”

“பேசி முடிச்சதும். செவப்பு வந்துச்சு, நம்மது மஞ்சளா போச்சு, மறுபடி செவப்பு வந்துச்சு. அப்புறம் வெட்டினேன்.” கத்தரியைத் துடைத்து உள்ளே வைத்தார். “ரெண்டு பேர் பேசிட்டிருக்கும்போது நடுவுல லைனை வெட்டி எனக்குப் பழக்கமில்ல. எக்ஸ்சேஞ்சுல ஒரு தடவை வெட்டினது கிடையாது. உங்களுக்காக இப்ப ஆரம்பிக்கணுமா?”

தந்தியார் அறையைத் திறந்தார். திரையின் மூலையில் முந்நூற்று நாற்பது என்றிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். காதுக்குள் அந்த நீளக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. மனைவி எடுத்துக் கேட்டு, கையால் பொத்திக்கொண்டார். “ரேடியோக்கடைக்காரர். மொட்டை மாடியில நிக்கறார் போல, காத்து இரையுது. நீங்க தனியா இருக்கீங்களான்னு கேக்கறார்.”

வாங்கினார். குரல் கிசுகிசுத்தது.

“தலைவரே, மனசுல வச்சுக்காதீங்க. சபையில நாலு வார்த்தை பேசித்தான் ஆகணும். இப்ப விஷயம் என்னன்னா... ரெண்டு மணிக்குக் கூடாரத்தைப் பிரிக்கறாங்களாமே. எனக்கும் அது ஒண்ணுதான் பாக்கி. அந்தத் தானா ஓடற புரோகிராம்... ஒரு காப்பி. உயிரே போனாலும் வெளிய சொல்லமாட்டேன்.”

தந்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். பால்கனியில் தொங்கிய வயரைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, மூடி, மேசை டிராயரை இழுத்து, அதையும் மூடினார்.

“பென்டிரைவ் எடுத்துட்டு வாங்க” என்றார். “அப்படியே உங்க சாலிடரிங் அயர்னையும் எடுத்துட்டு வாங்க. என்னோடது எங்க இருக்குன்னே தெரியல.”